1973 போலர் ட்ரெயிலர்: அடிச்சட்டத்திலிருந்து தொடங்கிய வேலை

கனடாவில் பழைய முகாம் ட்ரெயிலர் ஒன்றை வாங்கித் திருத்த ஆசைப்படுகிற யாரும் கடைசியில் போலரில் வந்து நிற்பார்கள். மூலைகள் எல்லாம் உருண்டு, சின்னக் காருக்குப் பின்னாலும் ஓடக்கூடிய முட்டை வடிவ வண்டி. வினிப்பெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கி, 1968இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அவர் கொங்கிறீற்றுக்குப் பதிலாக ஃபைபர்கிளாஸில் செப்டிக் டாங்க் செய்து பார்த்தவர். எடை குறைவு, உக்காது, துருப்பிடிக்காது என்றால் அதே பொருளில் ஒரு குடும்பம் படுத்துறங்க வண்டி செய்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். மேல் பாதி ஒரு அச்சில், கீழ்ப் பாதி இன்னோர் அச்சில் வார்த்து, இடுப்பில் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். காரோடு பூட்டுகிற முன்முனையான ஹிச்சையும் சேர்த்து 13 அடி நீளம். எடை ஏறக்குறைய 1,000 இறாத்தல்.

அதே காலத்தில் மரச்சட்டமும் அலுமினியத் தகடுமாகச் செய்த ட்ரெயிலர்களில் பல உள்ளுக்குள் உக்கிப் போய்விட்டன. போலரின் கூடு ஐம்பது வருடத்துக்குப் பிறகும் நன்றாகவே இருக்கும். ஆட்கள் ஏமாறுவதும் அதில்தான். கூடு நன்றாக இருக்கிறது என்று கண்டதும் நேரே வர்ணத்துக்கும் திரைச்சீலைக்கும் போய்விடுகிறார்கள். கூட்டைச் சுமக்கிற இரும்பையும், கூட்டில் போட்ட நூற்றுக்கணக்கான ஓட்டைகளையும் கடைசியில்தான் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதேயில்லை. நான் இந்த வேலையைக் கீழிருந்து மேலே செய்தேன். அதே ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

என்னுடையது 1973 மொடல். ஒன்ராறியோவில் லிண்ட்சே என்ற ஊருக்கு வடக்கே ஒரு பண்ணையில், களஞ்சியத்துக்குப் பின்புறம் இடுப்பளவு புல்லுக்குள் நின்றது. காசைக் கொடுக்க முதல் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, டோர்ச், சின்னச் சுத்தியல், ஸ்க்ரூட்ரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போய்ப் படுக்கவேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான். போலரின் அடிச்சட்டம் பின்னாலிருந்து நேராக ஓடி வந்து, உடலின் முன்பக்கத்துக்குக் கீழே உள்நோக்கி வளைந்து ஹிச்சில் போய்க் கூடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குதிக்கும்போது முன்பகுதியில் ஏறி இறங்குகிற பாரம் முழுவதும் அந்த வளைவில் வந்து விழும். வெடிப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சட்டம் நெடுகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடத்தில் அந்தச் சத்தம் வராது, அமுங்கிப்போகும். இடது பக்க வளைவில் துருவைச் சுரண்டியதும் ஒரு மயிரிழை வெடிப்பு தெரிந்தது. வலது பக்கத்தில் யாரோ முன்பே வெல்டிங் செய்த தடயம், அதற்குப் பக்கத்திலேயே புதிய வெடிப்பு.

அப்புறம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை. போலரில் இலைவில் கிடையாது, ரப்பர் டோர்ஷன் ஆக்சில். அந்தக் கை ஆக்சில் குழாயிலிருந்து பின்னோக்கிக் கீழே சரிந்திருக்கவேண்டும். என்னுடையதில் மேல்நோக்கி நின்றது. வெறும் வண்டிக்கே அப்படி என்றால் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். டயரின் பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளோடு வரும் நீண்ட குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களையும் பாருங்கள். 3509 என்றிருந்தால் அது 2009ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயது டயரில் வீதிக்கு ஏறக்கூடாது. உள்ளே போய், கதவடி, முன் இருக்கைக்குக் கீழே, சக்கர வளைவுகளின் ஓரம் எல்லாம் ஸ்க்ரூட்ரைவரால் தரையைக் குத்திப் பார்த்தேன். கதவடியில் பிடிவரை இறங்கியது.

இன்னொன்று. 17 இலக்க வண்டி எண் 1981 மொடல்களிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்திய வண்டிகளில் எண் குட்டையாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, ஆனால் பத்திரத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். என்னதில் சரியாக இருந்தது. அடியில் கண்ட பழுதுகளைப் பண்ணைக்காரருக்கும் காட்டி, அதற்கேற்ற விலை பேசி வாங்கினேன். வீட்டுக்கு ஃபிளாட்பெட்டில்தான் வந்தது.

எல்லோரும் செய்வதுபோல முதல் வேலையாக உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி வெளியே போடவேண்டும் என்று கை துறுதுறுக்கும். போலரில் அதைச் செய்யக்கூடாது. இந்த வண்டிக்கு உள்ளே எலும்புக்கூடு கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் அலுமாரி, மேல் தட்டுகள், இருக்கைப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்துதான் கூரையையும் சுவரையும் பிடித்துவைத்திருக்கின்றன. அலுமாரியைக் கழற்றினால் கூரை தொய்யும், சுவர் வெளியே விரியும், கதவு பொருந்தாது. கதவும் உடலின் வளைவோடு வளைந்தது. ஒரு விரல்கடை விலகினாலும் மேல் மூலை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து கதவிலேயே பென்சிலால் எழுதினேன். இடுப்பு மட்டத்தில் சுவருக்குச் சுவர் அகலத்தை மூன்று இடங்களில் அளந்தேன். கூரைக்கும் தரைக்கும் நடுவில் 2க்கு 4 பலகைகளை நிறுத்தி, மேல் நுனியில் கம்பளத் துண்டு வைத்து முட்டுக்கொடுத்தேன். குறுக்கேயும் இரண்டு. கதவைப் பூட்டியே வைத்தேன். இதற்குப் பிறகுதான் முதல் ரிவெட்டைக் கழற்றினேன்.

உடலைச் சட்டத்திலிருந்து தூக்குவது நினைப்பதைவிடச் சுலபம். தரை வழியாகச் சட்டத்தில் முடுக்கிய போல்ட்கள்தான் இரண்டையும் பிடித்திருக்கின்றன. துருவேறி ஒன்றுமே திரும்பவில்லை, கிரைண்டரால் தலையை வெட்டினேன். நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து, ஒவ்வொரு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, உயர்த்திய இடத்தில் உடனே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். ஜாக்கியை நம்பி ஒருபோதும் கீழே கையை நீட்டக்கூடாது. பாரம் கட்டையில் இருக்கவேண்டும். போதிய உயரம் வந்ததும் சட்டத்தை முன்னால் இழுத்து எடுத்தோம். நான்கு பேர் இருந்தால் போதும்.

வெளிச்சத்துக்கு வந்த சட்டத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் உரித்தபோது இன்னும் இரண்டு வெடிப்பு தெரிந்தது. இதற்கு நான் கை வைக்கவில்லை. நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருபவர்களின் உயிரும் இந்த ஒட்டில் இருக்கிறது. சான்றிதழ் பெற்ற வெல்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் செய்த முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், தெரிந்து வைத்திருப்பது நல்லது. வெடிப்பின் இரு நுனியிலும் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினார். வெடிப்பை வி வடிவில் அரைத்துத் திறந்து உள்வரை நிரப்பினார். அதன்மேல் தகடு வைத்தார். தகட்டைச் சதுரமாக வெட்டவில்லை, இரு பக்கமும் கூராக, சாய்சதுர வடிவில் வெட்டினார். சதுரத் தகட்டின் நிமிர்ந்த ஓரத்தில் மேலிருந்து கீழாக வெல்டிங் ஓடினால் சட்டம் அந்த நேர்கோட்டில் பலவீனமாகி, பிறகு அங்கேயே வெடிக்கும். சாய்ந்த ஓரத்தில் அந்தப் பாரம் நீளத்துக்குப் பரவிவிடும். வலது பக்கம் முன்பு யாரோ ஒட்டியது மறுபடி வெடித்ததற்கும் அதுதான் காரணம். அங்கே போட்டிருந்தது சதுரத் தகடு.

ஆக்சில் பற்றி விளக்கமாகச் சொல்லவேண்டும். பலர் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். வெளியே ஒரு சதுரக் குழாய். அதற்குள் சின்னச் சதுரக் கம்பி ஒன்று, மூலை திருப்பி வைத்தது. அப்போது நான்கு மூலைகளிலும் இடைவெளி வருமல்லவா, அதற்குள் நான்கு ரப்பர் உருளைகள். தொழிற்சாலையில் ரப்பரைக் கடுங்குளிரில் உறையவைத்துச் சுருக்கி உள்ளே தள்ளுவார்கள். சூடேறி விரிந்ததும் இறுகிவிடும். சக்கரம் மேலே எழும்பும்போது கை கம்பியைத் திருப்பும், கம்பி ரப்பரை நசுக்கும். வில்லின் வேலை முழுவதும் அதுதான். இருபது, இருபத்தைந்து வருடத்தில் ரப்பர் கல்லாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு குழியின் அடியும் நேரே சட்டத்துக்கும் ரிவெட்டுக்கும் போகும். ஆக, சட்டம் வெடிக்கிறதென்றால் ஆக்சில் செத்துப் பல வருடமாகிவிட்டது என்று பொருள். சட்டத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் பழைய ஆக்சிலில் ஓடுவது வீண்வேலை. ரப்பரை மட்டும் மாற்றவும் முடியாது, ஆக்சிலையே மாற்றவேண்டும்.

புதியதை அளவு கொடுத்துச் செய்விக்கவேண்டும். கேட்பது இவைதான்: சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை எவ்வளவு, சட்டத்தின் வெளி அகலம் எவ்வளவு, கை எத்தனை பாகை சரிவில் தொடங்கவேண்டும், எவ்வளவு பாரம். நான் 22.5 பாகை கீழ்ச்சரிவும் 2,000 இறாத்தல் பாரமும் கேட்டேன். பலமாக இருக்கட்டும் என்று 3,500 இறாத்தல் ஆக்சில் போடுகிறவர்கள் உண்டு. இவ்வளவு இலேசான வண்டிக்கு அந்த ரப்பர் அசையவே அசையாது. பழைய செத்த ஆக்சிலில் ஓடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால்தான் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம். போலர் அதற்கு வெகு கீழே. ஆனாலும் 7 அங்குல மின்பிரேக் போட்டே எடுத்தேன். ஆக்சிலைச் செய்விக்கும்போதே போட்டால் பிரேக்குக்குக் கூடும் செலவு சொற்பம், பிறகு போடுவதென்றால் மடங்கு வரும். பிள்ளைகளோடு மலை இறங்குகிற வண்டி.

சட்டம் துருமாற்றும் பிரைமரும் இரண்டு பூச்சு கறுப்பு எனாமலும் வாங்கிக்கொண்டு காய்கிற நேரத்தில் தரையைப் பார்த்தோம். தரை என்பது பிளைவுட், அதன் அடியில் ஃபைபர் தடவியது. மேலிருந்து ஒழுகிய தண்ணீர் அடியில் உள்ள ஃபைபரில் தங்கி மரத்தை ஊறவைத்திருக்கிறது. கதவடியிலும் முன்பக்கத்திலும் பிளைவுட் ஈரக் கடதாசி போலப் பிரிந்து வந்தது.

இங்கேதான் மாமா வந்தார். என் அம்மாவின் தம்பி. இளவயதில் காரைநகர் சீநோரில் ஃபைபர் படகு வார்த்தவர். நோர்வே உதவியோடு நடந்த படகுத்தளம் அது. எங்கள் கடற்கரைகளில் மரவள்ளத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் படகுகள் வந்து நின்ற காலம். ஸ்காபரோவுக்கு வந்த பிறகு அந்தக் கைவேலைக்கு அவருக்கு வழியே கிடைக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, இடுப்புப் பட்டியைத் தூக்கி உள்ளே பொருத்தைப் பார்த்துவிட்டு, "இது வள்ளம்தான் தம்பி, கவிட்டு மூடினது" என்றார். அடுத்த சனிக்கிழமை தன்னுடைய உருளைகளோடு வந்துவிட்டார்.

எங்கள் இருவருக்கும் முதலில் வந்த வாக்குவாதம் ரெசின் பற்றியது, ஃபைபரை நனைத்து இறுகவைக்கிற பசை அது. மாமாவுக்குப் பழக்கம் பொலியெஸ்டர். நான் வாங்கி வைத்திருந்தது எபொக்சி. கடைசியில் இரண்டுக்கும் இடம் வைத்தோம். மரம் சேருகிற இடமெல்லாம் எபொக்சி, ஏனென்றால் மரத்திலும் பழைய ஃபைபரிலும் அது பிடிக்கிற பிடி பொலியெஸ்டருக்கு வராது. கூட்டில் உடைந்த மூலைகளை ஒட்ட பொலியெஸ்டர். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சிதறிய ஃபைபர் நார்களாலான சாதாரண மேட் என்ற விரிப்பைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும். பொலியெஸ்டரில் ஸ்டைரீன் இருக்கிறது, எபொக்சியில் இல்லை. எபொக்சியில் அந்த மேட்டை நனைத்தால் விறைத்துக்கொண்டே நிற்கும், வளைவில் படியாது. எபொக்சிக்கு நெய்த துணிதான் சரி.

உக்கிய மரத்தை நல்ல மரம் தெரியும் வரை வெட்டினோம். ஓரங்களைச் சரிவாகச் சீவினோம், புதிய கடல்தரப் பிளைவுட்டின் ஓரத்தையும் அதே சரிவில் சீவி ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்தோம். தடிப்பு ஒன்றென்றால் சரிவு எட்டு மடங்காவது இருக்கவேண்டும். பொருத்துவதற்கு முன்பே புதிய பலகையின் எல்லாப் பக்கமும், குறிப்பாக வெட்டு ஓரங்கள், எபொக்சி குடித்து நிறையும் வரை பூசினோம். போல்ட் போகிற துளைகளைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, அதைக் கெட்டி எபொக்சியால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் சரியான துளை போட்டோம். இனி அந்தத் துளையில் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

கூட்டின் பின் இடது மூலையில் யாரோ எதிலோ இடித்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அதைத்தான் மாமா செய்து காட்டினார். வெடிப்பைச் சுற்றி உட்புறத்தில் ஒரு கையகலம் சரிவாக அரைத்தார், பளபளப்பு ஒரு பொட்டுக்கூட மிஞ்சாமல். அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தார். வெளிப்பக்கத்தில் மெழுகு பூசிய மெல்லிய தகட்டை வளைவுக்கேற்ப அழுத்தி ஒட்டினார். மேட் துண்டுகளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தார். கிழித்த ஓரத்தில் நார்கள் பிரிந்து நிற்பதால் பழையதோடு கலந்துவிடும், விளிம்பு தெரியாது. ரெசினைச் சின்னக் கோப்பையில் கொஞ்சமாக எடுத்து, இறுக்கியை 100க்கு ஒன்றரைக் கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"கூடக் குழைக்காதை தம்பி. கோப்பைக்குள்ளையே கொதிச்சுப் புகைஞ்சு போம்."

"அகலத் தட்டில ஊத்தி வைச்சால், மாமா?"

"ஓம், அது நல்லது. சூடு வெளியால போகும்."

முதலில் சுவரில் ரெசின் பூசி, அதன்மேல் மேட்டை வைத்து, மேலே பிரஷ்ஷால் குத்தினார், இழுக்கவில்லை. இழுத்தால் நார் பிரஷ்ஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருந்த மேட் ரெசினைக் குடிக்கக் குடிக்கச் சாம்பலாகி, அடியில் இருக்கும் வெடிப்புக் கோடு தெரியத் தொடங்கியது. அதன் பிறகு வரிவரியான அலுமினிய உருளை. நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினார். சின்ன வெள்ளைப் பொட்டுகள் உருளைக்கு முன்னால் ஓடி ஓரத்தில் போய் மறைந்தன. "வெள்ளையாத் தெரியிற இடமெல்லாம் காத்து. ஒண்டும் தெரியாமப் போகுமட்டும் உருட்டு" என்று உருளையை என் கையில் தந்தார். அடுத்த அடுக்கு கொஞ்சம் பெரிய துண்டு, அதற்கடுத்தது அதைவிடப் பெரியது. மூன்று அடுக்கோடு நிறுத்தினார். இறுகிய பிறகு தகட்டைக் கழற்றி வெளியே முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அசையவில்லை.

பொலியெஸ்டர் வேலையை 15 பாகைக்குக் கீழே செய்யாதீர்கள், இறுகாது. இந்த நாட்டில் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைதான் வெளியில் செய்யலாம். இறுக்கி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி கட்டாயம். வாயுவைத் தடுக்கும் வடிகட்டியோடு கூடிய முகமூடி வேண்டும், சும்மா துணி முகமூடி பிரயோசனமில்லை. அரைக்கிற நாளில் நீளக்கை உடுப்பு, பிறகு குளிர்ந்த தண்ணீரில் குளிப்பு. சுடுநீர் தோலின் துளைகளைத் திறந்து அரிப்பைக் கூட்டும் என்று மாமா சொல்வார், அதைக் கேட்டு நடந்தேன், அரிப்பு பெரிதாக வரவில்லை.

தரை முடிந்து உடலைச் சட்டத்தில் இறக்கி, துருப்பிடிக்காத போல்ட்களும் அகல வாஷர்களும் போட்டு முடுக்கிய பிறகு, ரிவெட்களுக்குப் போனேன். போலரில் உள்ளே இருக்கிற ஒவ்வொரு தட்டும் பெட்டியும் கூட்டுக்கு வெளியிலிருந்து ரிவெட் அடித்தே நிற்கிறது. அடித்தது நடுவில் துளையுள்ள சாதாரண ரிவெட். அதன் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. வெயிலில் மூடி வெடித்து விழும், ரிவெட்டின் நடுத்துளையால் தண்ணீர் நேரே உள்ளே போகும். இரவில் அது உறைந்து விரிந்து துளையைப் பெரிதாக்கும், பகலில் உருகி இன்னும் உள்ளே இறங்கும். ஒன்ராறியோவின் மார்ச் மாதம் முழுவதும் இது தினமும் நடக்கிறது. ஜன்னலைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். என் வண்டியில் அதிகம் ஒழுகியது ரிவெட்களால்.

ஒரு பகுதியாக எடுத்துக் கழற்றினேன், முட்டுப் பலகைகள் அப்படியே நிற்க. தலையை ட்ரில்லால் எடுக்கும்போது ரிவெட் சுழலத் தொடங்கினால் ஒரு மெல்லிய பட்டியால் தலையை அழுத்திப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் துளை முட்டை வடிவாகிவிடும். வண்டியை முன்பு வைத்திருந்தவர்கள் ஒழுக்கை நிறுத்தச் சிலிக்கன் பூசியிருந்தார்கள். பழைய ஃபைபர் ட்ரெயிலருக்கு ஆகாத பொருள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் சிலிக்கனைச் சொல்வேன். அது சில வருடத்தில் விட்டுவிடும். விட்ட பிறகும் அதன் எண்ணெய்ப்படலம் நிற்கும், அதன்மேல் வர்ணமும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது, இன்னொரு முறை பூசும் சிலிக்கனும் பிடிக்காது. பிளாஸ்டிக் பட்டியால் சுரண்டி, சிலிக்கன் நீக்கியால் துடைத்து, கடைசியில் சாண்ட்பேப்பர் போட்டுத்தான் வெளியேற்றினேன்.

தேவையில்லாத துளைகளை இரு பக்கமும் கிண்ணம்போல் குழித்து கெட்டி எபொக்சியால் அடைத்தேன். சிறிய தட்டுகளை உள்ளேயிருந்தே ஃபைபர் துணியால் சுவரோடு ஒட்டினேன், அங்கே இனித் துளையே இல்லை. அலுமாரிக்கும் மேல் தட்டுகளுக்கும் பின்முனை மூடிய அலுமினிய ரிவெட், தலைக்கு அடியில் பியூட்டைல் என்ற மென்மையான ரப்பர்ப் பசையில் வளையம், உள்ளே வாஷர். ஜன்னல்களுக்கும் கூரைக் காற்றுவழிக்கும் பியூட்டைல் நாடாதான். முடுக்கியபின் ஓரங்களில் பிதுங்கி வரும். வெயிலில் ஒரு நாள் விட்டு மறுபடி கொஞ்சம் முடுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட்டால் சரி. அது காலத்துக்கும் இறுகாது. குளிரில் சுருங்கி வெயிலில் விரிகிற கூட்டுக்கு இறுகாத பசைதான் நல்லது.

ஒழுக்கைப் பார்க்கத் தண்ணீர்க் குழாயை அடிப்பதைவிட நல்ல வழி உண்டு. கூரைக் காற்றுவழியில் அட்டை வைத்து, அதில் இலை ஊதும் கருவியின் குழாயைப் பொருத்தி நாடாவால் ஒட்டினேன். கதவையும் ஜன்னல்களையும் பூட்டி, மெதுவான வேகத்தில் ஊதவிட்டு, வெளியே முழுவதும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். உள்ளே காற்று தள்ளும்போது ஒழுக்குள்ள இடத்தில் நுரை எழும்பும். என் மகள் சோக்கட்டியோடு சுற்றி வந்து நுரை வருகிற இடமெல்லாம் வட்டம் போட்டாள். பின் ஜன்னலின் கீழ் மூலை, இடுப்புப் பட்டிக்குள் இரண்டு இடம், கதவுக்கு மேலே மழைநீர்த் தடுப்பின் ஒரு நுனி. தண்ணீர் அடித்துத் தேடியிருந்தால் இடுப்புப் பட்டிக்குள் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. பட்டியைக் கழற்றிப் பொருத்தின் மேல் உட்புறத்தில் இரண்டு அடுக்கு துணி போட்டோம்.

மின்வேலை குறுகியது. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் சட்டம் வரை தனித் தரைக் கம்பி வேண்டும். பழைய ட்ரெயிலரில் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் முதலில் தரைக் கம்பியைப் பாருங்கள். காரோடு சேர்க்கும் நான்கு முனை இணைப்பியில் வெள்ளை தரை, மண்ணிறம் பின்விளக்கு, மஞ்சள் இடது சைகையும் பிரேக்கும், பச்சை வலது சைகையும் பிரேக்கும். மின்பிரேக் இருப்பதால் நான் ஏழு முனை இணைப்பிக்கு மாறினேன்.

கேஸ் அடுப்பையும் அதன் குழாயையும் முற்றாக எடுத்துவிட்டேன். ஒன்ராறியோவில் புரொப்பேன் குழாய் வேலை உரிமம் பெற்றவர்தான் செய்யவேண்டும், செய்விக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பத்தடி அறைக்குள் மிளகாய் தாளித்து மீன் குழம்பு வைத்துவிட்டு அதே இடத்தில் படுப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. வெளியே மேசையில் இரட்டை அடுப்பு வைத்துக்கொள்கிறோம். சிலிண்டருக்கு 10 வருடத் தவணை உண்டு, கழுத்தில் திகதி பொறித்திருக்கும். அடுப்பு இருந்த இடம் இப்போது பாத்திர அலுமாரி. உட்சுவரில் ஒட்டியிருந்த நுரைத்தகடு பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தது, கழுவி அப்படியே விட்டோம்.

வர்ணம் கடைசியில். பழைய மேற்பூச்சைச் சாண்ட்பேப்பரால் நனைத்துத் தேய்த்து, சிலந்திவலை வெடிப்புகளைத் திறந்து நிரப்பி, பிரைமர் போட்டு, படகுக்குப் பூசும் பொலியூரித்தேன் வர்ணம் பூசினோம். மாமா நுரை உருளையால் ஒரு அடி அகலத்துக்கு உருட்டிக்கொண்டு போக, நான் பின்னாலேயே மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் ஒருமுறை மட்டும் நீவி வந்தேன். குமிழ் உடைந்து மட்டமாகிவிடும். நேர் வெயிலில் பூசக்கூடாது. பனி உலர்ந்த பிறகு தொடங்கி, பின்னேரப் பனி விழுவதற்குள் காய்ந்துவிடும்படி நேரம் பார்க்கவேண்டும். மேலே பால்வெள்ளை, கீழே வாழையிலைப் பச்சை. பச்சையைத் தெரிந்தெடுத்தது என் மனைவி.

ஓட முதல் எடை பார்த்தோம். பக்கத்துச் சரளைக்கல் கிடங்கின் தராசில் முழுச் சாமானோடு 1,240 இறாத்தல். எங்கள் சியென்னா வான் 3,500 வரை இழுக்கும், அதில் பயமில்லை. முக்கியம் ஹிச்சில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது. மொத்தத்தில் 10 முதல் 15 வீதம் இருக்கவேண்டும், குறைந்தால் வேகத்தில் வண்டி பாம்புபோல் ஆடத் தொடங்கும். அதற்குத் தனித் தராசு வாங்கத் தேவையில்லை. குளியலறைத் தராசு ஒரு பக்கம், அதே உயரத்தில் செங்கல்லும் அதன்மேல் இரும்புக் குழாயும் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே மூன்றடி இடைவெளியில் ஒரு பலகை. குழாயிலிருந்து ஓரடி, தராசிலிருந்து இரண்டடி தள்ளி ஹிச்சின் தூணை இறக்கினால், தராசு மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். எங்களுக்கு 48 காட்டியது. மூன்றால் பெருக்க 144 இறாத்தல், அதாவது மொத்தத்தில் 11.6 வீதம். தண்ணீர்க் கலனைப் பின்னாலிருந்து ஆக்சிலுக்கு மேலே நகர்த்தியபின் 51 காட்டியது. அப்படியே கட்டிவிட்டோம்.

முதல் ஓட்டத்தில் 50 கிலோமீற்றர் போனதும் நிறுத்திச் சக்கர நட்களை மறுபடி முடுக்கினேன், ஒன்று கால் சுற்றுத் திரும்பியது. சக்கர மையங்களில் கைவைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடு. சட்டத்தில் தகடு வைத்த இடங்களிலெல்லாம் வெள்ளை வர்ணத்தால் மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறேன், வெடிப்பு வந்தால் கோடு பிரிந்து தெரியும். பொன் எக்கோ பூங்காவுக்குப் போய் வந்த பிறகும் பார்த்தேன், கோடு முழுதாக இருக்கிறது. கதவின் கீழ்க் கீல் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. அதற்கு வெண்கலப் புஷ் கடைந்து தருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.